வீட்டு முற்றத்தில் ஹைபிரிட் கார்ப் பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வீதிகளில் ஓடும் ஹைபிரிட் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் சில காலம் பாவிக்கப்பட்ட பின் இங்கு வந்து சேர்ந்தவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாட்டில் ஏற்கெனவே இருந்த கார்களே கைமாறிக் கைமாறி முதுமையடைந்தன. உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துபோன அத்தகைய கார்களை வைத்திருப்போர் கேட்கும் கேள்விகளுக்கே இங்கு பதில் தரப்படுகிறது. குறிப்பாக வேறு பெயர் சொல்லாத இடங்களில், 2009 முதல் 2015 வரை தயாரிக்கப்பட்ட மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸையும், 2011 இறுதியில் வெளிவந்த முதல் தலைமுறை அக்குவாவையும் மனதில் வைத்தே எழுதப்பட்டுள்ளது.

உயர் மின்னழுத்தம் உள்ள காரில் நாமே கைவைப்பது ஆபத்து இல்லையா?

ஆபத்தான பகுதி எதுவென்று தெரியாமல் கைவைப்பது ஆபத்து. அந்தப் பகுதியைத் தயாரிப்பாளரே நிறத்தால் அடையாளப்படுத்தி வைத்திருக்கிறார். பிரியஸின் மின்மோட்டாரை இயக்கும் பெரிய பற்றரியில் 7.2 வோல்ற் கொண்ட 28 தொகுதிகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. மொத்த மின்னழுத்தம் 201.6 வோல்ற். பற்றரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வேர்ட்டர் அதைத் தேவைக்கேற்ப 650 வோல்ற் வரை உயர்த்துகிறது. அக்குவாவில் 20 தொகுதிகள், 144 வோல்ற். அங்கு உச்சம் 520 வோல்ற். இவற்றில் எதுவும் உயிரைப் பறிக்கப் போதுமானது. ஆனால் இந்த மின்சாரம் செல்லும் வயர்கள் அனைத்தும் செம்மஞ்சள் நிற உறையிட்டவை. அவை காரின் இரும்பு உடலோடு எங்கும் தொடர்புபடாமல் தனியாகக் காப்பிடப்பட்டவை.

ஆகவே விதி ஒன்றே: செம்மஞ்சள் வயரையோ, அது நுழையும் எந்தப் பெட்டியின் மூடியையோ கழற்றக் கூடாது. பெரிய பற்றரியின் உலோக உறை, இன்வேர்ட்டர், ஏசி கம்பிரசரின் மின் இணைப்பு ஆகிய மூன்றும் இந்த விதிக்குள் அடங்கும். ஒயில், பில்டர்கள், 12 வோல்ற் பற்றரி, பிறேக், கூலன்ட் மட்டம், டயர் ஆகியவற்றைப் பராமரிக்க இவற்றில் எதையும் தொட வேண்டிய தேவையே வராது.

சேர்விஸ் பிளக்கைக் கழற்றிவிட்டால் எல்லாம் பாதுகாப்பாகிவிடும் என்கிறார்களே?

முழுமையாக இல்லை. பின்புறம் பற்றரியில் உள்ள அந்தச் செம்மஞ்சள் கைபிடியைக் கழற்றினால், பற்றரியின் தொடர் இணைப்பு நடுவில் துண்டிக்கப்பட்டு வெளியே மின்சாரம் செல்வது நின்றுவிடும். எனினும் இன்வேர்ட்டருக்குள் உள்ள மின்தேக்கிகள் வெறுமையாவதற்குக் குறைந்தது பத்து நிமிடம் காத்திருக்குமாறு டொயோட்டாவின் வழிகாட்டி கூறுகிறது. அதைவிட முக்கியமாக, பற்றரிக்குள் இருக்கும் தொகுதிகள் துண்டிக்கப்பட்ட இரு பாகங்களாகத் தம் மின்னழுத்தத்தை அப்படியே வைத்திருக்கும். 1000 வோல்ற் தாங்கும் இறப்பர்க் கையுறையும் முறையான பயிற்சியும் இல்லாத ஒருவர் அந்தப் பிளக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை. அது தேவைப்படும் வேலை உங்கள் வேலை அல்ல.

அப்படியானால் வீட்டில் வேலை செய்வோர் உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

சத்தமில்லாமல் இயங்கத் தயாராக நிற்கும் காருக்கு. டாஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் ஓடாமல் இருக்கலாம். ஆனால் பெரிய பற்றரியின் மின்னேற்றம் குறைந்தாலோ, எஞ்சின் குளிர்ந்தாலோ, எவரும் எதையும் தொடாமலேயே எஞ்சின் தானாக இயங்கத் தொடங்கும். பொனட்டைத் திறந்து கையை உள்ளே விட்டிருப்பவருக்கும், காருக்கு அடியில் படுத்திருப்பவருக்கும் இது முன்னறிவிப்பின்றி நிகழும். கியரில் விட்டிருந்தால் கார் நகரவும் செய்யும். எனவே வேலையைத் தொடங்குமுன் பார்க்கிங் நிலைக்கு மாற்றி, பவர் பொத்தானை அணைத்து, விளக்குகள் அனைத்தும் அணைந்தனவா என்று பார்த்து, ஸ்மார்ட் சாவியைக் காருக்கு எட்டாத தூரத்தில், வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். சிறுவர்கள் உள்ள வீட்டில் அந்தச் சாவி எங்கே என்பது இன்னும் முக்கியம்.

அடுத்த ஆபத்து எல்லாக் கார்களுக்கும் பொதுவானது: ஜக்கில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலையை விடுவது. உறுதியான தரையும் இரண்டு ஜக் தாங்கிகளும் இல்லாவிட்டால் ஒயில் மாற்றும் வேலையைக் கராஜுக்கே விட்டுவிடலாம்.

எஞ்சின் ஒயிலை எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றுவது?

ஹைபிரிட் காரில் பயணத்தின் ஒரு பகுதி எஞ்சின் ஓடாமலேயே கழிகிறது; ஆகவே எஞ்சின் ஓடிய தூரம் மீற்றர் காட்டுவதை விடக் குறைவு. இதை வைத்து, ஒயிலை இன்னும் தாமதமாக மாற்றலாம் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் நெடுந்தூரப் பயணத்துக்கு ஓரளவு பொருந்தலாம். நகருக்குள் ஓடும் காருக்குப் பொருந்தாது. வீட்டிலிருந்து பாடசாலை, பாடசாலையிலிருந்து சந்தை என்று குறுகிய தூரம் ஓடும் காரில் எஞ்சின் சில நிமிடம் ஓடி, முழுமையாகச் சூடேறுமுன் அணைந்து, மீண்டும் ஓடி, மீண்டும் அணைகிறது. எரியாத பெற்றோலும் எரிதலில் உண்டாகும் ஈரமும் ஒயிலோடு கலந்து, ஆவியாகி வெளியேறப் போதுமான வெப்பம் கிடைக்காமல் அங்கேயே தங்கிவிடுகின்றன.

ஜப்பானில் சாதாரண பாவனைக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் என்பது டொயோட்டாவின் கணக்கு. இங்குள்ள சேர்விஸ் நிலையங்கள் பல 5,000 என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகின்றன. நல்ல செயற்கை ஒயில் பாவிக்கும், வயதான, நகரில் ஓடும் காருக்கு 7,500 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது, என்பதே என் பரிந்துரை. ஹைபிரிட் காரைப் பொறுத்தவரை மீற்றரைவிட நாட்காட்டியை நம்புவது நல்லது. மாதம் இருநூறு கிலோமீற்றர் மட்டும் ஓடும் கார்தான் ஒயிலை அதிகம் கெடுக்கிறது.

நமது வெப்பத்துக்குத் தடித்த ஒயில் நல்லது என்று மெக்கானிக் சொல்கிறார். சரியா?

பழைய எஞ்சின்களைப் பார்த்துப் பழகியவர் சொல்வது அது. பிரியஸின் 1.8 லீற்றர் எஞ்சினும் அக்குவாவின் 1.5 லீற்றர் எஞ்சினும் 0டபிள்யூ-20 எனப்படும் மெல்லிய ஒயிலுக்காக வடிவமைக்கப்பட்டவை. எஞ்சின் ஒரே பயணத்தில் பல முறை நின்று நின்று இயங்குவதால், ஒவ்வொரு முறையும் ஒயில் உடனே மேலேறிப் பாகங்களை அடைய வேண்டும். 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஒயில் அதைத் தாமதிக்கும். எரிபொருள் சிக்கனத்தையும் குறைக்கும். வெளியில் 35 பாகை வெப்பம் இருந்தாலும் எஞ்சினின் உள்வெப்பத்தைக் கூலன்ட்டும் தேர்மோஸ்ரற்றும் கட்டுப்படுத்துகின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிரியஸில் ஒயில் மாற்றும்போது எங்கே தவறு நேர்கிறது?

மூன்று இடங்களில். முதலாவது, பில்டர். இந்த எஞ்சினில் முழு டப்பாவாகத் திருகும் பில்டர் இல்லை. பிளாஸ்டிக் மூடிக்குள் வைக்கும் காகிதப் பில்டர் உள்ளது. அதைக் கழற்ற 14 முகங்கள் கொண்ட, 64 மில்லிமீற்றர் அளவுள்ள கோப்பை ஸ்பானர் வேண்டும். சுத்தியலும் ஸ்குரூடிரைவரும் கொண்டு கழற்றிய மூடிகள் வெடித்து ஒயில் கசிவதைப் பல கார்களில் காணலாம். புதிய பில்டருடன் வரும் இறப்பர் வளையத்தை ஒயில் தடவி, பழையது இருந்த அதே பள்ளத்தில் பொருத்த வேண்டும். மூடியை 25 நியூற்றன் மீற்றருக்கு இறுக்குமாறு அந்த மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்; அதற்கு மேல் பலம் காட்டத் தேவையில்லை.

இரண்டாவது, வடிகால் போல்ற். அதன் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாக இட்டு, 37 நியூற்றன் மீற்றருக்கு இறுக்க வேண்டும். மரை அழிந்தால் செலவு பெரிது.

மூன்றாவது, அளவு. பில்டருடன் 4.2 லீற்றர். நான்கு லீற்றர்ப் போத்தலை முழுவதும் ஊற்றி, மீதியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒயில் குச்சியின் மேற்கோட்டைத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். கூடுதலாக ஊற்றிய ஒயில், ஆவியாக உள்ளிழுக்கும் குழாய்க்குள் சென்று கரியாகப் படியும். இந்த எஞ்சினில் கரிப் படிவு எவ்வளவு தொல்லை தரும் என்பது கீழே வருகிறது.

ஒயில் மாற்றிய பின் கசிவு பார்க்க எஞ்சினை ஓடவிட முடியவில்லையே?

எஞ்சின் சூடாகவும் பற்றரியில் மின்னேற்றம் போதுமானதாகவும் இருந்தால் 'ரெடி'யில் வைத்தாலும் எஞ்சின் ஓடாது. இதற்கென்றே பரிசோதனை நிலை ஒன்று உண்டு. பிறேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை இரு முறை அழுத்தி மின்சாரத்தை மட்டும் இயக்கவும். பார்க்கிங்கில் அக்சிலரேற்றரை முழுமையாக இரு முறை மிதிக்கவும். பிறேக்கை மிதித்தபடி நியூற்றலுக்கு மாற்றி மீண்டும் இரு முறை. பார்க்கிங்குக்குத் திரும்பி மேலும் இரு முறை. பின்பு பிறேக்கை மிதித்துப் பவர் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் நிற்காமல் ஓடும். இவை அனைத்தையும் ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். இந்த நிலையில் காரை ஓட்டக் கூடாது. பவரை அணைத்தால் வழமைக்குத் திரும்பிவிடும்.

பெரிய பற்றரி நீண்ட காலம் உழைக்க உரிமையாளர் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசிக்கவும்.

பிரியஸின் பற்றரி காற்றால் குளிர்விக்கப்படுகிறது. அந்தக் காற்று வெளியிலிருந்து வருவதில்லை, நீங்கள் அமர்ந்திருக்கும் அறையிலிருந்தே இழுக்கப்படுகிறது. பின் இருக்கையின் வலப்பக்கம், கதவருகே, கம்பித்தட்டி போன்ற பிளாஸ்டிக் துவாரம் ஒன்று இருக்கும். அதன் பின்னால் ஒரு விசிறி அந்தக் காற்றைத் தொகுதிகளுக்கிடையே செலுத்துகிறது. அக்குவாவில் பற்றரி பின் இருக்கைக்கு அடியில் உள்ளது. காற்றுத் துவாரமும் அந்த இருக்கையின் அடிப்பகுதியிலேயே அமைந்திருக்கும்.

பயணப் பை, தலையணை, மடித்துப் போட்ட சாரம், கடைப் பொலித்தீன் பை என எதுவும் அந்தத் துவாரத்தை அடைத்துவிடலாம். வாடகைக்கு ஓடும் கார்களில் பின் இருக்கையில் பொதிகளை ஏற்றுவது வழமை என்பதால் அங்கு பற்றரி முன்கூட்டியே பழுதாவதில் வியப்பில்லை. அடைப்பு இல்லாவிட்டாலும் தூசி இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்டினால் உள்ளே வரும் செம்மண் தூசி, தலைமுடியுடனும் துணி இழைகளுடனும் சேர்ந்து விசிறியின் இதழ்களில் கம்பளிப் படலம்போல் படிகிறது. இதழ்களின் வளைவு தூர்ந்துவிட்டால் விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காற்று நகராது. வெப்பம் வெளியேற வழியில்லாத நடுப்பகுதித் தொகுதிகள் ஓரத்தில் உள்ளவற்றைவிட அதிகம் சூடாகி முதலில் நலிவடைகின்றன. இலட்சக்கணக்கான ரூபாய்ச் செலவு பல வேளைகளில் இப்படித்தான் தொடங்குகிறது.

செய்ய வேண்டியது எளிது. மாதம் ஒரு முறை அந்தத் துவாரத்தை வெளியிலிருந்து வாக்குவம் கிளீனரால் உறிஞ்சவும். சில மாடல்களில் அங்கு மெல்லிய வலைப் பில்டர் இருக்கும். அதைக் கழற்றிக் கழுவி, முழுமையாக உலர்த்திப் பொருத்தவும். தண்ணீரோ ஈரத்துணியோ துவாரத்துக்குள் போகக் கூடாது. அழுத்தக் காற்றை உள்நோக்கி ஊதினால் தூசி பற்றரிக்குள்ளேயே போய்ச் சேரும். தூசி வீதியில் கண்ணாடிகளை மூடி ஏசியைப் போடவும். ஏசியால் குளிரும் அறைக் காற்றே பற்றரியையும் குளிர்விப்பதால் அது வீண் செலவல்ல. வெயிலில் நின்ற காரை எடுத்தவுடன் கதவுகளைச் சிறிது நேரம் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டுப் புறப்படுவதும் பற்றரிக்குச் செய்யும் உதவியே.

விசிறியையே கழற்றித் துடைப்பது சற்றுப் பெரிய வேலை. பிரியஸில் பக்கப் பலகைகளை எடுத்தால் பற்றரியின் உறையைத் திறக்காமலேயே அதை எட்ட முடியும். 12 வோல்ற் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிய பின், பிளாஸ்டிக் கிளிப்புகளை உடைக்காமல் எடுக்கப் பொறுமை உள்ளவர் செய்யலாம். உலர்ந்த மென்தூரிகை போதும். வழியில் செம்மஞ்சள் வயர் குறுக்கிட்டால் அங்கேயே நிறுத்திவிடவும்.

சின்ன (12 வோல்ற்) பற்றரி பலவீனமானால் எப்படித் தெரியும்? கார் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகுமா?

ஆகாது, அதுதான் சிக்கல். சாதாரண காரில் 12 வோல்ற் பற்றரி எஞ்சினைச் சுழற்றுகிறது. நலிவடைந்தால் இழுவைச் சத்தமே எச்சரித்துவிடும். ஹைபிரிட்டில் எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பற்றரி. சின்னப் பற்றரியின் வேலை கணினிகளை விழிக்கச் செய்து பெரிய பற்றரியின் இணைப்பை மூடுவது மட்டுமே. அதற்குச் சிறிதளவு மின்சாரம் போதும் என்பதால் முற்றாகச் சாகும் நாள்வரை அது நன்றாக இருப்பதாகவே தோன்றும். பிறகு ஒரு காலையில், தொடர்பே இல்லாத பல எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிந்து, பெரிய பற்றரி போய்விட்டது என்று உரிமையாளரைப் பயமுறுத்தும். எந்தப் பெரிய பழுதையும் நம்புமுன் முதலில் சின்னப் பற்றரியை அளந்து பார்க்க வேண்டும்.

ஒரு மல்ரிமீற்றர் போதும். இரவு முழுவதும் நின்ற காரில் 12.6 வோல்ற் அளவு காட்டினால் நலம், 12.2 என்றால் பாதி மின்னேற்றம். 12க்குக் கீழே போனால் மாற்றத் தயாராகுங்கள். 'ரெடி'யில் 13.5 முதல் 14.5 வரை காட்டினால் மின்னேற்றும் பகுதி வேலை செய்கிறது. இங்கு ஆல்ற்றனேற்றர் என்ற பாகமே இல்லை. பெரிய பற்றரியின் மின்சாரமே மாற்றியமைக்கப்பட்டு இதற்கு வருகிறது.

பிரியஸில் இந்தப் பற்றரி பின்புற டிக்கியின் வலப்பக்கமும், அக்குவாவில் பின் இருக்கைக்கு அடியிலும் இருக்கிறது. ஆட்கள் அமரும் இடத்துக்குள் இருப்பதால், வாயுவை வெளியே கொண்டுசெல்லும் சிறு குழாயுடன் கூடிய, அமிலம் சிந்தாத வகையையே வாங்க வேண்டும். மலிவு என்பதற்காகச் சாதாரண ஈரப் பற்றரியைத் திணிக்கக் கூடாது. பழையதன் மேல் உள்ள குறியீட்டைப் பார்த்து அதே குறியீட்டை வாங்கி, அந்தக் குழாயை மறக்காமல் பொருத்தவும்.

பிரியஸில் ஒரு விசித்திரம்: டிக்கியின் பூட்டு மின்சாரத்தால் திறப்பது. பற்றரி செத்துவிட்டால் பற்றரி இருக்கும் டிக்கியைத் திறக்க முடியாது. சாவிக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவியால் முன்கதவைத் திறந்து, பொனட்டை உயர்த்தி, பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடியிட்ட முனையில் நேர் வயரைக் கொடுக்க வேண்டும். முனைகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் இன்வேர்ட்டர் பக்கத்துப் பாகங்கள் சேதமடைந்து, ஒரு பற்றரியின் விலையைப் பல மடங்கு தாண்டிய செலவு வரும். ஒரு ஹைபிரிட்டைக் கொண்டு இன்னொருவரின் காரை ஸ்டார்ட் செய்து கொடுக்கும் பரோபகாரத்தையும் தவிர்ப்பது நல்லது.

கூலன்ட் தாங்கிகள் இரண்டு இருக்கின்றனவே?

ஒன்று எஞ்சினுக்கு, மற்றது இன்வேர்ட்டருக்கு. இரண்டும் தனித்தனிச் சுற்றுகள்; இரண்டிலும் டொயோட்டாவின் இளஞ்சிவப்பு நிற நீண்டகாலக் கூலன்ட்டே பாவிக்கப்படுகிறது. எஞ்சின் சுற்றில் முதல் மாற்றம் 160,000 கிலோமீற்றரிலும் இன்வேர்ட்டர் சுற்றில் 240,000 கிலோமீற்றரிலும், அதன் பின் இரண்டிலும் 80,000க்கு ஒரு முறையும் என்பது டொயோட்டாவின் அட்டவணை. முந்தைய உரிமையாளர் எதை ஊற்றினார் என்று தெரியாத காரில் இந்த எண்களை நம்பிக் காத்திராமல் ஒரு முறை முழுமையாக மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். சேர்விஸ் நிலையங்களில் எஞ்சின் தாங்கியைப் பார்ப்பார்கள். இன்வேர்ட்டர் தாங்கியை எட்டிப் பார்ப்போர் குறைவு.

வீட்டில் செய்யக்கூடியது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரு மட்டங்களையும் மாதம் ஒரு முறை பார்ப்பதும், குறைந்திருந்தால் அதே வகைக் கூலன்ட்டைச் சேர்ப்பதும். குழாய்த் தண்ணீர் கூடாது. குளிர்ந்த நிலையில் இன்வேர்ட்டர் தாங்கியின் மூடியைத் திறந்து, இன்னொருவரைக் கொண்டு பவரை இயக்கச் செய்தால், உள்ளே திரவம் அசைவதைக் காணலாம். அசைவே இல்லையென்றால் அதன் மின்பம்பியைச் சந்தேகிக்க வேண்டும். கையை வேறெங்கும் வைக்காமல் பார்க்க மட்டும் செய்யவும். முழு மாற்றத்தின்போது சுற்றில் காற்று சிக்கிக்கொள்ளும் என்பதால், அதை வெளியேற்றப் பழகாதவர் கராஜில் செய்வதே நல்லது.

கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது. காலையில் எஞ்சின் கடகடவென உதறுகிறது. இது என்ன?

மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் என்றால் உடனே கவனிக்கவும். புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் குழாயும் அதன் குளிரூட்டியும் இந்த எஞ்சினில் கரியால் அடைபடுவது பரவலாக அறியப்பட்ட குறை. அடைப்பு அதிகரித்தால் எரிதல் வெப்பம் உயர்ந்து, காலப்போக்கில் எஞ்சினின் மேற்பகுதியைக் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கட் விட்டுக்கொடுக்கிறது. இரவில் சிறிது கூலன்ட் சிலிண்டருக்குள் கசிய, காலையில் முதல் சில வினாடி எஞ்சின் உதறி, பின் வழமைக்கு வந்துவிடும். வழமைக்கு வந்துவிட்டதே என்று ஓட்டிக்கொண்டிருப்போர்தான் முழு எஞ்சினையும் இழக்கின்றனர்.

ஈஜிஆர் சுத்தம் செய்வதைப் பழுது வருமுன், சுமார் ஒரு இலட்சம் கிலோமீற்றரில் ஒரு முறை செய்துவிட்டால் இந்த நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஸ்பானர் பிடித்துப் பழகியவருக்கு ஒரு முழு நாள் வேலை, புதியவருக்கு உகந்ததல்ல.

பிறேக் கட்டைகள் தேயவே இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?

வேகம் குறையும்போது பெரும்பாலான வேலையை மோட்டாரே செய்து மின்சாரமாக மாற்றிவிடுவதால் கட்டைகள் ஒரு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டுவதும் உண்டு. ஆனால் பாவிக்கப்படாமையே இங்கு நோய். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு போன்ற உப்புக் காற்று வீசும் இடங்களில் டிஸ்க்கில் துரு ஏறும். கட்டைகளை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பரின் நழுவும் ஊசிகள் இறுகிவிடும். ஒரு பக்கக் கட்டை மட்டும் தேயும். வருடம் ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி, ஊசிகளைத் துடைத்து, இறப்பரைப் பாதிக்காத பிறேக் கிறீஸைத் தடவுவது வீட்டில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலைகளில் ஒன்று. சாதாரண கிறீஸ் இறப்பர் உறையை ஊதச் செய்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஓட்டுநர்க் கதவைத் திறந்தாலே இந்தக் காரின் பிறேக் பம்பி விழித்து அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளும். காலையில் கதவைத் திறக்கும்போது கேட்கும் அந்த 'ங்ங்' சத்தம் அதுவே. கலிப்பர் கழன்றிருக்கும்போது இது நிகழ்ந்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்படலாம். ஆகவே பவரை அணைத்து, சில நிமிடம் விட்டு, 12 வோல்ற் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்பே தொடங்கவும். பிரியஸில் அதன்பின் டிக்கியை மூடிவிடாதீர்கள். காரணம் மேலே சொல்லப்பட்டது.

பிறேக் திரவத்தை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதற்கு டொயோட்டாவின் கணினி மென்பொருளோடு வேலை செய்யும் கராஜை நாடவும்.

ஏசி காஸ் குறைந்தால் தெருமுனைக் கடையில் நிரப்பலாமா?

அவர் எந்த ஒயிலைச் சேர்க்கிறார் என்று கேட்காமல் நிரப்பக் கூடாது. கம்பிரசர் பெல்ற்றால் அல்ல, உயர் மின்னழுத்த மோட்டாரால் இயங்குகிறது. அந்த மோட்டார் ஒயிலுக்குள்ளேயே நனைந்து நிற்கிறது. என்டி-11 எனப்படும் மின்காப்புத் தன்மையுள்ள ஒயிலே அதற்குரியது. சாதாரண கார்களுக்குரிய ஒயிலோ, கசிவை அடைக்கும் திரவமோ கலந்தால் மின்காப்புக் குலைந்து, கார் 'ரெடி'க்கே வர மறுக்கலாம்.

கியர் ஒயில்?

டொயோட்டாவின் 'டபிள்யூஎஸ்' வகை மட்டும், சுமார் மூன்றரை லீற்றர். மோட்டார்ச் சுருள்கள் இதில் நனைந்து நிற்பதால் வேறு வகை கூடாது. ஒரு இலட்சம் கிலோமீற்றரில் மாற்றுவது நல்லது. வடிக்குமுன் நிரப்பும் போல்ற் கழல்கிறதா என்று பாருங்கள்.

ஸ்கேனர் வாங்குவது பயனுள்ளதா?

மிகவும். காரின் கணினியை வாசிக்கும், புளூடூத்தில் இயங்கும் சிறிய ஓபிடி கருவியும் கைப்பேசியில் ஒரு செயலியும் இருந்தால் பிரியஸின் பற்றரி 14 சோடிகளாகத் தன் மின்னழுத்தத்தைக் காட்டும். நிற்கும்போது எல்லாம் சமமாகத் தெரியலாம். ஏற்றத்தில் வேகமெடுக்கும்போது எந்தச் சோடி மற்றவற்றைவிடக் கீழே விழுகிறது என்பதே கவனிக்க வேண்டியது. பற்றரி வெப்பத்தையும் விசிறியின் வேகத்தையும் குறித்து வைத்து, மாதாமாதம் ஒப்பிட்டால் விளக்கு எரியுமுன்பே போக்குத் தெரிந்துவிடும். 'பி0ஏ80' என்ற குறியீடு பெரிய பற்றரி நலிவடைந்துவிட்டதாகக் கார் முடிவு செய்ததைக் குறிக்கும். அப்போதும் விசிறியையும் பற்றரி இணைப்புத் தகடுகளின் துருவையும் பார்க்காமல் பற்றரி வாங்க ஓட வேண்டாம்.

ஒரு 'செல்' (தொகுதி) மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்களே?

சில மாதம் ஓடும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பழைய தொகுதி ஒன்றை, நலிந்துபோன இருபத்தேழு தொகுதிகளுக்கு நடுவில் வைத்தால், கொள்ளளவு வேறுபாட்டால் அடுத்த பலவீனமான தொகுதி விரைவில் விழும். ஒவ்வொரு முறையும் கூலி தனி. காரை விற்க நினைப்பவருக்கு அது வசதி. வைத்திருக்க நினைப்பவருக்கு முழுப் பற்றரியாக மாற்றுவதே இறுதியில் மலிவு. இரண்டையும் வீட்டில் செய்யக் கூடாது.

வெளிநாடு செல்கிறோம், காரை எவ்வளவு காலம் நிறுத்தி வைக்கலாம்?

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது முப்பது நிமிடம் அல்லது 16 கிலோமீற்றர் ஓட்டுமாறு டொயோட்டாவின் கையேடு கூறுகிறது. 2022இல் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்றிருந்த காலத்தில் பலர் காரை மாதக்கணக்கில் நிறுத்தினர். நிற்கும் பற்றரி தானாகவே மின்னேற்றத்தை இழக்கும்; அதை வெளியிலிருந்து ஏற்ற வீட்டில் வழியில்லை. உறவினரிடம் சாவியைக் கொடுத்து, இரு வாரத்துக்கு ஒரு முறை சந்திவரை அல்ல, அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். 'ரெடி'யில் வைத்துவிட்டு முற்றத்தில் நிறுத்துவதும் மின்னேற்றும். ஆனால் மூடிய கராஜுக்குள் ஒருபோதும் அப்படிச் செய்யக் கூடாது. எஞ்சின் தானாக ஓடிப் புகை நிரம்பும்.

ஹொண்டா, சுசுக்கி ஹைபிரிட்டுகளுக்கும் இவை பொருந்துமா?

செம்மஞ்சள் விதியும், சின்னப் பற்றரியும், காற்றுத் துவாரமும் ஹொண்டாவுக்கும் பொருந்தும். ஆனால் ஜிபி5 வகை 'பிற்' (Fit), 'வெசல்' (Vezel) ஆகிய கார்களில் இரட்டைக் கிளச் கியர்ப் பெட்டி உள்ளது. அதற்குரிய திரவமும் அளவீட்டு முறையும் முற்றிலும் வேறு, டொயோட்டாவை வைத்து ஊகிக்க வேண்டாம். சுசுக்கி வேகன் ஆர் வேறு வகை: சிறிய லித்தியம் பற்றரியும், எஞ்சினுக்கு உதவி செய்யும் ஜெனரேற்றரும் கொண்டது. அதில் பெல்ற் உண்டு. பிரியஸிலும் அக்குவாவிலும் இல்லை. அந்தப் பெல்ற்றில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒயில் மாற்றும்போதெல்லாம் பார்த்துவிடுங்கள்.

கார் வெள்ளத்துக்குள் நின்றுவிட்டது. நீர் வடிந்தபின் எடுக்கலாமா?

இருக்கை மட்டத்துக்கு நீர் ஏறியிருந்தால் பவர் பொத்தானை அழுத்தவே கூடாது. பற்றரி தரையோடு ஒட்டிய உயரத்தில் இருப்பதால் உள்ளே நீரும் சேறும் புகுந்திருக்கும். வெளியில் உலர்ந்துவிட்டது என்பதற்கு உள்ளே அர்த்தமில்லை. காரை வீட்டிலிருந்தும் மற்ற வாகனங்களிலிருந்தும் தள்ளி நிறுத்தி, முடிந்தால் 12 வோல்ற் எதிர்முனையை மட்டும் கழற்றி, கட்டியிழுக்காமல் தட்டு லொறியில் ஏற்றி அனுப்ப வேண்டும். முன்சக்கரங்கள் தரையில் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும்.